நாலு விரற்கடை

காலையில் பல் விளக்குகிறேனோ இல்லையோ, உர்சுலா நோஸ்கேயின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவேன். ஆய்வு செய்கிறவர்களுக்கெல்லாம் இணையத்தில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. எழுதிய கட்டுரைகள் வரிசையாக நிற்கும். எதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண் பக்கத்திலேயே நிற்கும். ஓரத்தில் வருடத்துக்கு ஒன்றாக நீலக் கோடுகள். என்னுடைய கோடுகள் எங்கள் வீட்டுப் புல்தரை மாதிரி, ஆஸ்திரேலியாவின் ஜனவரி வெயிலில் கருகி ஒரே மட்டமாகக் கிடக்கும். அவளுடையவை ஒவ்வொரு வருடமும் போன வருடத்தைத் தாண்டி நிற்கும். முந்தாநாள் இருபதாயிரத்து நானூறு. இன்றைக்கு அதற்கு மேல் பதினேழு. இரண்டே நாளில் பதினேழு பேர்! எனக்கு ஒரு மாதத்துக்கு அவ்வளவு வந்தால் ஷாம்பெயின் உடைப்பேன்.

"ஒருநாளாவது என் மூஞ்சிய இப்படி உத்துப் பாத்திருப்பியா, டென்?" என்றாள் என் மனைவி லோரெல், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

"பதினேழு ஏறியிருக்கு."

"ஏறினா ஏறட்டும். உன் தோள்லயா வந்து ஏறுது?"

"உனக்குப் புரியாது."

"இதுல புரியறதுக்கு என்ன இருக்கு? அவளுக்கு எண்ணு ஏறினா உனக்கு வயிறு எரியுது. இதைக் கண்டுபிடிக்க டாக்டர் பட்டம் வேணுமாக்கும்."

எரியத்தான் செய்தது. மறைப்பானேன்? நானும் உர்சுலாவும் அடிலெய்டில் ஒரே மருத்துவமனையில், ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். ஜன்னல் இல்லாத ஓர் அறையை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டோம். கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயை இறக்கி, இதயத்தைத் தாண்டி, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வரை கொண்டுபோய் அழுத்தம் அளப்பது எங்கள் தொழில். அங்கே அழுத்தம் ஏறினால் ஆளுக்கு மூச்சு வாங்கும். தள்ளித் தள்ளி இதயம் ஒருநாள் ஓய்ந்துவிடும். அந்தக் குழாயை முதன்முதலில் அவள் கையில் கொடுத்து, "பயப்படாத, அதுவே போகும், நீ கூடப் போ" என்று சொன்னவன் நான். அந்தப் பரோசா திராட்சைத் தோட்டத்துப் பெண் பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனைக்குப் போனாள். போனவள் போனவள்தான். உலகம் முழுக்க அவள் பேர். நான் இந்தக் கரையிலேயே நிற்கிறேன்.

அவளை மேற்கோள் காட்டுவதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். ஒருமுறை என் கட்டுரையைப் பரிசீலித்த யாரோ, "இத்துறையில் நோஸ்கேயின் ஆய்வை ஆசிரியர்கள் பார்க்காதது வியப்பளிக்கிறது" என்று எழுதி அனுப்பினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளை மேற்கோள் காட்டிய ஒரு டென்மார்க்காரனைத் தேடிப்பிடித்து அவனை மேற்கோள் காட்டினேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டாலும் தொடுவேனே தவிர, அவள் கணக்கில் ஒன்றைக் கூட்ட மாட்டேன்.

இதற்கெல்லாம் காரணம் இல்லாமல் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு பெரிய ஆய்வு செய்தாள். நோய் லேசாக ஆரம்பித்த ஆட்களை ஒன்பது மருத்துவமனைகளிலிருந்து திரட்டி, யார் எவ்வளவு காலம் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். நானும் என் நோயாளிகளின் அளவுகள் அத்தனையையும் அனுப்பினேன். கட்டுரை வந்தபோது பார்த்தால், எட்டு மருத்துவமனைகள்தான் இருந்தன. ஒன்றன் அளவுகள் சேர்க்கப்படவில்லை என்று அடியில் ஒரு வரி. அந்த ஒன்று நாங்கள். என் பெயரும் இல்லை. பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலையை உருவினது மாதிரி இருந்தது. அந்தக் கட்டுரைக்குத்தான் இன்றைக்குப் பாதி உலகம் கும்பிடு போடுகிறது.

ஏன் விட்டாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். என் நோயாளிகள் மற்ற எல்லோருடைய நோயாளிகளையும்விட நன்றாக இருந்தார்கள். அவளால் அதைப் பொறுக்க முடியவில்லை. அவ்வளவுதானே? சரி போடி என்று, நானே அவர்களைப் பற்றித் தனியாக ஒரு சின்ன இதழில் எழுதினேன். 'எங்கள் மருத்துவமனையின் லேசான நோயாளிகள் வியக்கத்தக்க அளவு நலமாக இருக்கிறார்கள்' என்பது அதன் சாரம். அதற்கு நூற்று நாற்பது மேற்கோள்கள். இருபது நானே காட்டியவை. இருக்கட்டுமே. என் பக்கத்தில் முதலில் நிற்பது அதுதான்.

அந்த நோயாளிகளில் என் கண்மணி டாம்சின் ரோவெட். எங்கள் ஊர் வால்லரூக்காரி, பள்ளி ஆசிரியை. இருபத்தெட்டு வயதில் மூச்சு வாங்குகிறது என்று வந்தாள். அழுத்தம் அன்றைக்கிருந்த எல்லைக்கு இரண்டு புள்ளி மேலே. மாத்திரை கொடுத்தேன். பிள்ளை மட்டும் கூடாது என்றேன். இந்த நோயோடு கர்ப்பம் தாயைக் கொன்றுவிடும். உலகம் பூராவும் அதைத்தான் சொல்கிறது. அவள் அழுதாள். கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு பன்னிரண்டு வருடம். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் அதே எண், ஒரு நூல் ஏறியதில்லை. குளிர்காலம் வந்தால் இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்த பாஸ்டிகளைத் துண்டில் சுற்றிச் சூடாகக் கொண்டுவருவாள். "டாக், நீங்க இல்லேன்னா நான் மண்ணுக்குள்ள போயிருப்பேன்" என்பாள். அவள் வீட்டில் அஞ்சு நாய். "அஞ்சும் என் வயித்துல பொறந்ததுங்க" என்று சிரிப்பாள். ஒரே ஒருமுறை மட்டும் சிரிக்காமல் கேட்டாள். "டாக், எனக்கு முப்பத்தி நாலு ஆச்சு. கடைசியா ஒரு தடவை கேட்டுக்கிறேன். முடியவே முடியாதா?"

"முடியாது, டாம்சின். உன் உசுருதான் எனக்கு முக்கியம்" என்றேன். அவள் தலையாட்டினாள். அப்புறம் கேட்கவில்லை.

அதே வருடம்தான் ஹோபார்ட்டில் மாநாடு. இரவு விருந்தில் உர்சுலா தட்டும் கையுமாக என்னிடம் வந்தாள். "டென், ஒண்ணு கேக்கணும். உங்க லேப்ல ஜீரோவை எங்க வைக்கிறீங்க?" என்றாள்.

அவள் கேட்டது இதுதான். அழுத்தம் அளக்கிற கருவி, படுத்திருக்கும் ஆளின் மார்பு நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். அங்கேதான் ஜீரோ. கருவி தாழ்ந்திருந்தால் எண் கூடிக் காட்டும். உயர்ந்திருந்தால் குறைத்துக் காட்டும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. குழாயையே உன் கையில் கொடுத்தவன் நான், என்னிடம் வந்து ஜீரோ எங்கே என்கிறாயா? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"சமையக்காரன்கிட்ட வந்து உப்பு தெரியுமான்னு கேக்குறியா? போய் உன் வேலையப் பாரு" என்றேன்.

"கோவிச்சுக்காதப்பா. எல்லாரையும்தான் கேக்குறேன்."

"எல்லாரும் சொல்லிருப்பாங்க. நான் சொல்ல மாட்டேன்."

அவள் தட்டோடு போய்விட்டாள். அன்றைக்கு இரண்டு கிளாஸ் அதிகமாகக் குடித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக்கென்று ஒரு பேராசிரியர் நாற்காலி புதிதாக வந்தது. ஒரே நாற்காலி. இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். எனக்கு ஐம்பத்தெட்டு. இதை விட்டால் அடுத்தது ஓய்வூதியமும் மீன்பிடித் தூண்டிலும்தான். வழக்கப்படி இருவரும் எங்கள் மருத்துவமனை மாடி அரங்கில் துறையார் முன்னால் பேச வேண்டும். டாக்டர்கள், நர்சுகள், மாணவர்கள், அக்கரை மருத்துவமனைக்காரர்கள் என்று யாரும் வரலாம். யாரும் கேள்வி கேட்கலாம். அவள் தேநீருக்கு முன், நான் தேநீருக்குப் பின். எதிராளி பேசும்போது போய் உட்காருவது மரியாதையில்லை. நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் பேசினாள், பாவி. கைதட்டு ஓய்வதற்குள் எழுந்தேன்.

"டாக்டர் நோஸ்கே, உங்க பேர் பெத்த கட்டுரைல ஒரு மருத்துவமனைய விட்டுட்டீங்களே, ஏன்?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எந்த மருத்துவமனை என்று எல்லோருக்கும் தெரியும்.

"அங்க அளவெடுத்த முறைய எங்களால உறுதிப்படுத்திக்க முடியல" என்றாள், ரொம்ப மெதுவாக.

"முடியலையா, மனசு வரலையா?"

டீன் பிரெண்டன் காஹில் தொண்டையைச் செருமினார். "டென், இது கேள்வியா, சண்டையா? டீ ஆறுது, வாங்க."

டீயாவது கீயாவது. உறுதிப்படுத்த முடியவில்லையாம்! இத்தனை பேர் முன்னால்! நேராகக் கீழ்த்தளத்துக்கு, எங்கள் லேபுக்கு இறங்கினேன். அங்கே என் கைவேலை ஒன்று இருக்கிறது. ஆளாளுக்குக் கருவியை மேலே கீழே நகர்த்துகிறார்கள் என்று, பல வருடங்களுக்கு முன்னால் நானே அளந்து, கட்டிலின் பக்கக் கம்பியில் ஒரு பிடியைப் போட்டு, யாரும் அசைக்க முடியாதபடி திருகி இறுக்கிவைத்தேன். கருவி எப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். தவறுக்கே இடமில்லை. நோயாளிகளுக்கு முதுகு வலிக்கிறது என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டித் தடித்த மெத்தை வாங்கிப் போட்டவனும் நான்தான். இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த லேபை ஒருத்தி உறுதிப்படுத்த முடியவில்லை என்றால்?

கோட்டைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்தேன்.

"டாக்டர், உடம்பு சரியில்லையா?" என்று ஓடிவந்தாள் நர்ஸ் கெய்லின்.

"எனக்கென்ன கேடு! போனைப் பிடி. என்னையும் அந்தக் கருவியையும் சேத்துப் பக்கவாட்டுல ஒரு படம் எடு."

"சிரிக்கணுமா?"

"நோயாளி சிரிப்பானா? எடும்மா."

எடுத்தாள். படத்தைப் பார்க்கக்கூட நேரமில்லை. மாடியேறிப் போய் என் உரையின் கடைசியில் சொருகினேன். அதற்கு முன்னால் டாம்சினின் படம் இருந்தது: கடற்கரையில், அஞ்சு நாயோடு, வாயெல்லாம் பல்லாக.

என் பேச்சு அன்றைக்கு அமோகம். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் அமோகம். டாம்சின் படத்தைப் போட்டு, "பன்னிரண்டு வருஷமா இந்தப் பொண்ணோட அழுத்தம் ஒரு புள்ளி ஏறல. எங்க லேசான நோயாளிங்க எல்லாருமே இப்படித்தான். இதை ஒரு பெரிய ஆய்வுல சேத்துக்கல. அளவெடுத்த முறை தெரியலையாம். தெரியாதவங்களுக்காக இப்பக் காட்டுறேன்" என்றேன். முதல் வரிசையில் உர்சுலா இருந்தாள். அவளைப் பார்த்தபடியே பொத்தானை அழுத்தினேன்.

சுவர் அகலத்துக்கு நான் படுத்திருந்தேன். கூட்டம் லேசாகச் சிரித்தது.

"இதுதான் கருவி. நானே அளந்து திருகினது. ஒருத்தரும் அசைக்க முடியாது." கையில் இருந்த சிவப்பு ஒளிப்புள்ளியைக் கருவிமேல் வைத்தேன். "இங்கேருந்து நேரா வந்தா, மார்பு நடு."

புள்ளியை நேராக இழுத்தேன். அது மெத்தையில் போய் நின்றது.

கை தவறியிருக்கும் என்று திரும்ப வைத்து இழுத்தேன். மறுபடியும் மெத்தை. என் மார்பு அதற்கு மேலே இருந்தது. நாலு விரற்கடை மேலே. பிடியை நான் திருகியது பழைய மெல்லிய மெத்தை இருந்த காலத்தில். தடித்த மெத்தை வந்ததும் நோயாளிகள் எல்லோரும் உயர்ந்துவிட்டார்கள். கருவி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தினமும் இந்தக் கருவியோடு புழங்குகிறவர்கள். நாலு விரற்கடைக்கு எத்தனை புள்ளி கூடும் என்று அவர்களுக்கு மனப்பாடம். டாம்சினுக்கு எல்லைக்கு மேலே இருந்தது இரண்டு புள்ளி. நாலு விரற்கடை என்றால் அஞ்சாறு புள்ளி. என் நோயாளிகள் ஏன் வியக்கத்தக்க அளவு நலமாக இருந்தார்கள் என்று கூட்டத்துக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. நோய் இருந்தால்தானே?

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் படமே எடுத்து மாட்டியிருந்தேன்.

"டென்," என்றார் காஹில், "அந்த மெத்தை எப்ப மாத்தினது?"

"பதிமூணு வருஷம் இருக்கும்." என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

உர்சுலா எழுந்து சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். படம் அணைந்தது. "இன்னைக்கு இது போதும்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஜன்னலில்லாத அறையிலிருந்து தப்பித்து இதே படியில்தான் சாண்ட்விச் தின்போம்.

"ஹோபார்ட்ல கேட்டேனே, டென்."

"கேட்ட."

"உன் ஆளுங்க ரொம்ப நல்லா இருந்தாங்க. அது இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஜீரோவா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்தான். நிச்சயமாத் தெரியாது."

"தெரிஞ்சா சொல்லியிருப்பியா?"

"கத்திருப்பேன்டா." என் பக்கம் திரும்பினாள். "நேர்ல வந்து பாத்திருக்கணும். உன் வாய்க்குப் பயந்துக்கிட்டு விட்டுட்டேன். என் மேலயும் தப்புதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தப்பில்கூடப் பங்கு கேட்கிறாள். அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. இந்த மனசு எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று எரிந்தது.

"எல்லாரையும் திரும்ப அளக்கணும்" என்றேன்.

"என் லேப்ல நாளைக்கே ஆரம்பிச்சிடலாம். வாரம் பூரா ஒதுக்குறேன்." பிறகு தயங்கினாள். "அந்த நாய்க்காரப் பொண்ணு... புள்ளைங்க உண்டா?"

"இல்ல. நான் வேணாம்னு சொல்லிட்டேன்."

உர்சுலா கண்ணை மூடிக்கொண்டாள். "எப்ப?"

"முதல்ல ஒரு தடவை. அப்புறம் நீ ஹோபார்ட்ல கேட்ட வருஷம், மறுபடியும்."

என் முழங்கையை ஒருமுறை அழுத்தினாள். "வேணும்னா நான் பேசட்டுமா?"

"வேணாம். என் நோயாளி."

அவள் எழுந்து உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஆட்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த நாற்காலி அவளுக்குத்தான். இருபதாயிரமும் அவளுக்குத்தான். அதையெல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. அவள் இப்போது இந்த போனைப் போட வேண்டியதில்லை. வாழ்க்கையில் நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டதெல்லாம் ஒன்றுமில்லை, இதற்குத்தான் பட்டேன்.

இரண்டாவது மணியிலேயே டாம்சின் எடுத்துவிட்டாள். பின்னால் நாய்கள் குரைத்தன.

"டாக்! நாற்காலி கெடச்சிருச்சா? ஏய், சும்மா இருங்கடா, டாக் பேசுறாரு!"

"அதில்ல, டாம்சின். நீ கொஞ்சம் உக்காரு."

"உக்காந்துட்டேன். என்ன, கெட்ட சேதியா?"

எப்படிச் சொல்வது? இதை நல்ல சேதி என்றுதான் சொல்ல வேண்டும்.

"எங்க அளவுல தப்பு இருந்திருக்கு. என் தப்பு. இன்னொரு லேப்ல திரும்ப அளக்கணும். அளந்தாத்தான் நிச்சயமாத் தெரியும். ஆனா... உனக்கு அந்த நோய் இல்லாமலே இருக்கலாம்."

"இல்லாமலேன்னா? குணமாயிடுச்சா?"

"குணமாகல. முதல்லருந்தே இல்லாம இருந்திருக்கலாம்."

நாய்கள் ஓய்ந்துவிட்டன. அவள்தான் எதையாவது போட்டு அமர்த்தியிருக்க வேண்டும். ஏதோ ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"டாக்."

"சொல்லும்மா."

"முப்பத்தி நாலு வயசுல வந்து கேட்டேனே உங்களை. அப்பவுமா?"

"அப்பவும்தான்" என்றேன்.